'இவன் தேறமாட்டான்' என்ற முடிவு வகுப்பறைக்குள் எப்படி வேலை செய்கிறது

ஆசிரியர்களுக்கான எந்தப் பயிற்சிக்குப் போனாலும் ஒரு ஸ்லைடாவது இதைப் பற்றி இருக்கும்: மாணவர்களைப் பற்றி முன்முடிவு எடுக்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாருங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் வகுப்புக்குள் போன பத்து நிமிஷத்தில் யார் பதில் சொல்வார்கள், யார் வம்பு பண்ணுவார்கள், யாரை எழுப்பினால் நேரம் வீணாகும் என்று மனசு தானாகவே ஒரு பட்டியல் போட்டுவிடும். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது பேரை ஒரே நேரத்தில் கையாளுகிற யாருக்குமே ஆட்களை வகைப்படுத்தாமல் வேலை ஓடாது. 'முன்முடிவே கூடாது' என்ற அறிவுரை நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடில் அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. உருப்படியான கேள்வி இது: ஆசிரியரின் தலையில் இருக்கிற அந்த முடிவு மாணவரின் மதிப்பெண்வரைக்கும் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது? வழி தெரிந்தால் அடைக்கலாம். மனசைச் சுத்தம் செய்வதைவிட அது எளிது.

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்து வைக்கிற சோதனை ஒன்று உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் ரோசன்தாலும், கலிபோர்னியாவின் சவுத் சான்பிரான்சிஸ்கோவில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும் 1960களின் நடுவில் செய்தது. ஒன்று முதல் ஆறாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். 'அடுத்த சில மாதங்களில் திடீரென்று மலரப்போகிற பிள்ளைகள் யார் என்று இந்தத் தேர்வு காட்டும்' என்று ஆசிரியர்களிடம் சொல்லி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தார்கள். தேர்வுக்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை; பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. ஒரு வருஷம் கழித்து அதே தேர்வை மறுபடி வைத்தபோது, முதல் வகுப்பில் பட்டியலில் இருந்தவர்கள் சராசரியாக 27 புள்ளிகள் கூடியிருந்தார்கள், மற்றவர்கள் 12. இரண்டாம் வகுப்பில் 16.5, மற்றவர்களுக்கு 7. 1968இல் இது புத்தகமாக வந்து, ஆசிரியர் நம்பினால் மாணவர் வளர்வார் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

மேடைப் பேச்சுகளில் கதை இங்கே முடிந்துவிடும். மீதியையும் சொன்னால்தான் விஷயம் புரியும். மூன்று முதல் ஆறாம் வகுப்புவரை குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை. அளவீட்டு நிபுணர் ராபர்ட் தார்ன்டைக் அந்தப் புத்தகம் வந்த கையோடு எழுதிய விமர்சனத்தில் எண்களையே பிடித்துக்கொண்டார்: ஒரு முதல் வகுப்புப் பிரிவில் காரணகாரியப் பகுதியின் சராசரி நுண்ணறிவு அளவு 31 என்று பதிவாகியிருந்தது (சாதாரணமாக 100 இருக்க வேண்டும்). அவ்வளவு குறைந்த அளவில் ஒரு வகுப்பே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளால் உட்கார்ந்து பென்சில் பிடித்துத் தேர்வு எழுதியிருக்கவே முடியாது. ஆக அந்த வயதுக்கு அந்தத் தேர்வே சரியில்லை என்றார். நியாயமான கேள்வி. அப்புறம் பலர் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள், சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை.

ஏன் சிலருக்கு மட்டும் வந்தது என்பதற்கு 1984இல் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் ராடன்புஷ் சொன்ன பதில்தான் என்னைப் பொறுத்தவரை இந்த மொத்த ஆராய்ச்சியிலும் மிகப் பயனுள்ள துண்டு. அதுவரை நடந்த 18 சோதனைகளை எடுத்து அவர் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தார்: பொய்யான தகவலைக் கொடுப்பதற்கு முன்னால் ஆசிரியருக்கு அந்த மாணவர்களை எத்தனை நாள் தெரியும்? தெரியவே தெரியாது, அல்லது ஓரிரு வாரம்தான் பழக்கம் என்றால் தகவல் வேலை செய்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால் விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். இதை ஆசிரியர்களுக்குச் சாதகமாகவும் படிக்கலாம், பிள்ளையைத் தெரிந்த ஆசிரியரை ஒரு காகிதத்தால் ஏமாற்ற முடியாது என்று. நான் அதைத் தலைகீழாகவும் படிக்கிறேன்: இரண்டு வாரத்தில் முடிவு கெட்டியாகிவிடுகிறது, அதற்குப் பிறகு வெளியிலிருந்து வருகிற எந்தத் தகவலும், அது நல்ல தகவலாகவே இருந்தாலும், உள்ளே இறங்குவதில்லை.

இரண்டு வாரம்கூடத் தேவைப்படாத இடங்களும் உண்டு. ரே ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் அமெரிக்க நகரம் ஒன்றில் கருப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளியின் கிண்டர்கார்டன் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து 1970இல் எழுதினார். பள்ளி திறந்த எட்டாவது நாள் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளுக்குப் பிரித்து உட்கார வைத்துவிட்டார். தேர்வு எதுவும் வைக்கவில்லை. அவர் கையில் இருந்ததெல்லாம் சேர்க்கைப் படிவம், எந்தக் குடும்பம் அரசு உதவித்தொகை வாங்குகிறது என்ற தகவல், அண்ணன் அக்கா யாராவது அங்கே படித்திருந்தால் அவர்களைப் பற்றிய ஞாபகம், அப்புறம் உடை, பேச்சு, உடம்பு வாசனை. முதல் மேசை கரும்பலகைக்குப் பக்கம். பாடத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. ரிஸ்ட் அதே பிள்ளைகளை இரண்டாம் வகுப்புவரை தொடர்ந்து போய்ப் பார்த்தார். அங்கே குழுக்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்: மேல் குழு 'புலிகள்', நடுக்குழு ஒரு பறவையின் பெயர், கடைசிக் குழு 'கோமாளிகள்'. இதில் முக்கியமான விஷயம், முதல் வருஷம் யூகமாக இருந்தது இரண்டாம் வருஷம் சான்றாகிவிட்டது. கடைசி மேசைக்குக் குறைவாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டதால் அவர்கள் உண்மையிலேயே பின்தங்கியிருந்தார்கள். அடுத்த ஆசிரியை மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் குழு பிரித்தார், அவர் பார்வையில் அது முழுக்க நியாயமான பிரிப்பு. அந்த கிண்டர்கார்டன் ஆசிரியையும் கருப்பினத்தவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'நம்ம ஆட்கள் நம்ம பிள்ளைகளை அப்படிப் பார்க்க மாட்டார்கள்' என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது.

ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்

வழி எது என்று கேட்டோம் இல்லையா, அதில் முதல் வழி மௌனம்.

கரும்பலகையில் ஆசிரியர் அரை, முக்கால் இரண்டையும் பின்னமாக எழுதி, எது பெரியது, ஏன் என்று கேட்கிறார். நன்றாகப் படிக்கிற பையனை எழுப்புகிறார். அவன் யோசிக்கிறான். ஆசிரியரும் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 'ஒரு பட்டையை நாலா மடிச்சுப் பாரு, அதுல மூணு எவ்வளவு வரும்?' என்று ஒரு அடி எடுத்துக் கொடுக்கிறார். அவன் பிடித்துக்கொள்கிறான். இன்னொரு நாள் இதே மாதிரி கேள்விக்குக் கடைசி பெஞ்சுப் பையனை எழுப்புகிறார். அவனும் யோசிக்கிறான். 'சரி, உட்காரு. வேற யாரு?' முடிந்தது. இரண்டாவது சம்பவத்தில் திட்டு இல்லை, கேலி இல்லை, சொல்லப்போனால் அவனை வகுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்க வைத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற கரிசனம்கூட இருந்திருக்கலாம். ஆனால் முதல் பையனுக்குக் கிடைத்த யோசிக்கிற நேரமும் எடுத்துக்கொடுத்த அடியும் இவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு வருஷத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதிலும் வகுப்பில் சிறந்தவர்கள் என்று ஆசிரியர் கருதிய ஐந்து பேருக்குக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி, கடைசி ஐந்து பேருக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. மெதுவாக யோசிக்கிறவருக்குத்தான் குறைந்த நேரம்! ஆசிரியர்களை மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், அவர்களைப் பற்றி ஆசிரியர்கள் வைத்திருந்த கணிப்பும் கொஞ்சம் மாறியது. அந்தக் கடைசி விளைவைக் கவனியுங்கள். யாரும் போய் ஆசிரியர்களின் மனப்பான்மையை மாற்றவில்லை. காத்திருக்கிற நேரத்தை மாற்றியதில் மனப்பான்மை பின்னாலேயே வந்தது.

ஜெரி பிராஃபியும் தாமஸ் குட்டும் 1970இல் முதல் வகுப்புகளில் உட்கார்ந்து எழுதிய பதிவுகளும் இதே திசையில்தான் இருந்தன. ஆசிரியர் எதிர்பார்ப்பு அதிகம் வைத்திருந்த பிள்ளை தவறாகச் சொன்னால் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், குறிப்புக் கொடுத்தார்கள். எதிர்பார்ப்புக் குறைவான பிள்ளை சரியாகச் சொன்னபோதுகூடப் பாராட்டு குறைவாகவே வந்தது, சில சமயம் எந்த மறுமொழியுமே வரவில்லை.

'நான் வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்' என்று சொல்கிற ஆசிரியர்கள் நிறைய. இஸ்ரேலைச் சேர்ந்த எலிஷா பாபாட் இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார். ஆசிரியர் ஒரு மாணவரைப் பற்றியோ மாணவரிடமோ பேசுகிற 10 விநாடித் துண்டுகள், மாணவர் திரையில் தெரியமாட்டார். அதைப் பார்த்த நான்காம் வகுப்புப் பிள்ளைகளாலேயே அந்த ஆசிரியர் பேசுவது நல்ல மாணவரிடமா, சுமாரான மாணவரிடமா என்று ஊகிக்க முடிந்தது. 10 விநாடி. வருஷம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா?

தாளின் மேல் இருக்கிற பெயர்

இரண்டாவது வழி திருத்தும்போது. ரேமா ஹன்னா, லெய் லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியாவில் ஒரு தேர்வுப் போட்டி நடத்தி, விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதி, பால், வயது போன்ற விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவு: தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. குறைவு சின்னதுதான், ஒரு திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 0.03 முதல் 0.08 வரை. ஆனால் அதற்குள் இருந்த இரண்டு விவரங்கள் யோசிக்க வைக்கின்றன. ஒன்று, அந்தக் குறைப்பு பெரும்பாலும் அதே சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடம்தான் தெரிந்தது. இன்னொன்று, விடைத்தாள் கட்டில் முதலில் திருத்தப்பட்ட தாள்களில் அது அதிகம். எப்படித் திருத்துவது என்று கைக்குப் பிடிபடாத நேரத்தில், பதிலை விட்டுவிட்டு முகப்பைப் பார்க்கிறது கண். அளவுகோல் தெளிவில்லாத இடத்தில்தான் முன்முடிவு நுழைகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

பாரபட்சம் எப்போதும் நாம் எதிர்பார்க்கிற பக்கமே சாயும் என்றும் இல்லை. இஸ்ரேலின் பள்ளி இறுதித் தேர்வுகளில் ஒரே பாடத்துக்குப் பள்ளி ஆசிரியர் தரும் மதிப்பெண்ணும், பெயர் தெரியாமல் வெளியில் திருத்தப்படும் மதிப்பெண்ணும் இருக்கும். விக்டர் லாவி 2008இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, பெயர் தெரிந்து திருத்தியதில் பாடம் எதுவானாலும் ஆண் பிள்ளைகளுக்கே குறைவு, கணிதத்தில்கூட.

மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தவறுக்குக் கற்பிக்கப்படும் காரணம். 52−17 என்ற கணக்குக்கு ஒரு பிள்ளை 45 என்று எழுதியிருக்கிறது. முதல் ராங்க் எடுக்கிற பிள்ளையின் தாளில் இருந்தால் 'கவனக்குறைவு' என்று சுழித்துவிட்டுப் போவோம். தேறாது என்று நினைத்திருக்கிற பிள்ளையின் தாளில் இருந்தால் 'கழித்தலே தெரியலை'. இரண்டுமே பதிலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சொன்னது. பதிலைப் பார்த்தால் அங்கே ஒரு விதி தெரியும்: ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5, பத்தின் இடத்தில் 5இலிருந்து 1 போக 4. எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் கழித்தல் சொல்லிக்கொடுத்தாலும் சில பிள்ளைகள் இந்த விதியைத் தாங்களாகக் கண்டுபிடிப்பார்கள். உண்மையா என்று தெரிய 83−58 கொடுங்கள். 35 வந்தால் விதிதான். கடன் வாங்குவதை மணிகளையோ குச்சிக் கட்டையோ வைத்துத் திரும்பக் காட்ட வேண்டும். 25 வந்தால் முன்னது நிஜமாகவே கவனக்குறைவு. இதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் 'கவனக்குறைவு' என்றோ 'மக்கு' என்றோ ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவருக்கு இரண்டாவது கணக்கைக் கொடுக்கத் தோன்றாது. நல்ல பெயர் வாங்கிய பிள்ளைக்கும் இதில் நஷ்டம்தான், அதன் ஓட்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு யார் கண்ணிலும் படாது.

நியாயமாக மதிப்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டே சாய்வது பற்றி 1983இல் ஜான் டார்லியும் பேஜட் கிராஸும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடியோ. பாதிப் பேருக்கு அவள் வசதியான பகுதியில் வளர்கிறவள் என்று காட்டினார்கள், மீதிப் பேருக்கு ஏழைப் பகுதி. பின்னணியை மட்டும் பார்த்தவர்களிடம் அவள் திறமை என்ன என்று கேட்டபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பின்னணியை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தார்கள். அப்புறம் வேறு சிலருக்குக் கூடுதலாக அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற காட்சியைக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே காட்சி, சிலது சரி, சிலது தவறு. இப்போது பிளவு வந்தது. வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்தவர்கள் வகுப்புக்கு மேலான திறமை என்றார்கள், மற்றவர்கள் வகுப்புக்குக் கீழே என்றார்கள், இரு தரப்பும் அந்த ஒரே காட்சியைத்தான் சான்றாகக் காட்டின. ஆகவே 'நான் ஆதாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்' என்பது போதுமான பதில் கிடையாது.

பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் சிக்கல்

இங்கே ஆசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. லீ ஜுசிம் போன்ற ஆய்வாளர்கள் பல வருஷம் தரவுகளைப் பார்த்துச் சொல்வது: ஆசிரியர் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, கணித்தபடி நடப்பதற்கு முக்கியக் காரணம் அவர் கணித்தது மாணவரின் உண்மையான நிலையை என்பதுதான். கணிப்பே மாணவரை மாற்றிவிடுகிற விளைவு உண்டு, ஆனால் சராசரியில் சின்னது, வருஷம் போகப் போகக் கூடுவதைவிடக் கரைவதே அதிகம். 'ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னதில் வாழ்க்கையே போச்சு' என்ற கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், இருந்தாலும் தரவு சொல்வது இதைத்தான்.

ஆனால் சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துக் கலக்கியது. அதே ஜுசிம் குழுவின் ஆய்வுகளில், ஏழை வீட்டுப் பிள்ளைகள், கருப்பின மாணவர்கள், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆகியோரிடம் அந்த விளைவு சராசரியைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைக்கு ஆசிரியரின் கணிப்பு பல கணிப்புகளில் ஒன்று. வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்குப் படிப்பைப் பற்றி வந்து சேருகிற ஒரே கணிப்பு அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று, பத்தில் எட்டு முறை சரியாக இருக்கிற கணிப்பின் தொல்லையே அந்த எட்டுதான். எட்டும் ஆசிரியருக்குத் தெரியும், ஸ்டாஃப் ரூமில் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று பேசவும் படும். மீதி இரண்டு வெளியே தெரிவதே இல்லை, ஏனென்றால் அந்த இரண்டு பேரிடம் கஷ்டமான கேள்வியே கேட்கப்படவில்லை, கேட்டிருந்தால்தானே பதில் தெரிந்தவர்கள் என்று தெரியவரும். தவறு தன்னைத் தானே மறைத்துக்கொள்கிற இந்த அமைப்பில் அனுபவம் கூடக் கூட நம்பிக்கை மட்டும் கூடும்.

வயது விஷயத்தைப் பாருங்கள், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவே வாய்ப்பில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பர் 31 பள்ளிச் சேர்க்கைக்கான வெட்டு நாள். டிசம்பரில் பிறந்த பிள்ளை, அதே வகுப்பில் இருக்கிற ஜனவரிப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது சின்னது. சுமார் 9 லட்சத்து 38 ஆயிரம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2012இல் வந்த ஆய்வில், டிசம்பர் ஆண் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ADHD) இருப்பதாகச் சொல்லப்படும் வாய்ப்பு ஜனவரிக்காரர்களைவிட 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம் அதிகம். ஆறு வயதில் ஒரு வயது என்பது வாழ்ந்ததில் ஆறில் ஒரு பங்கு. உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளையை எதோடு ஒப்பிட்டு நெளிகிறது என்கிறோம் என்று யாரும் நின்று பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தைப் பென்சிலில் எழுதி வைப்பது ஆரம்ப வகுப்பு ஆசிரியர் யாரும் இன்றைக்கே செய்யலாம்.

மனசை விடுங்கள், வேலை முறையை மாற்றுங்கள்

வழிகள் தெரிந்துவிட்டதால் அடைப்பதும் பெரிய தத்துவம் இல்லை. யாரை எழுப்புவது என்பதைச் சீட்டிடம் விட்டுவிடலாம்: பெயர் எழுதிய குச்சிகள், டப்பாவிலிருந்து ஒன்று. கேள்வியைக் கேட்டுவிட்டு, மூன்று எண்ணிவிட்டு, அப்புறம் பெயரை எடுப்பது. பெயரை முதலில் சொல்லிவிட்டால் மீதிப் பேர் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். குச்சியில் வந்த பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் ஒரு அடி எடுத்துக்கொடுப்பது, அப்பவும் வரவில்லை என்றால் இன்னொருவரிடம் கேட்டுவிட்டு மறுபடி முதல் பிள்ளையிடமே வந்து 'இப்ப நீ சொல்லு' என்பது. அந்தத் திரும்பி வருதல்தான் கடைசி பெஞ்சுக்கு இதுவரை கிடைக்காதது.

திருத்தும்போது பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிடுவது எல்லோரும் சொல்வது, கையெழுத்தை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதைவிட உதவுவது கேள்வி கேள்வியாகத் திருத்துவது. எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு கட்டைக் கலைத்துவிட்டு எல்லாத் தாளிலும் இரண்டாவது கேள்வி. முதல் பதில் நன்றாக இருந்தது என்பதற்காக அடுத்த பதிலுக்கு அரை மதிப்பெண் கூடுவது இதில் நடக்காது. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று முதல் தாளைத் தொடும் முன்பே எழுதி வைத்துக்கொள்வதும், முதலில் திருத்திய ஐந்தாறு தாளைக் கடைசியில் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பதும் மேலே சொன்ன இந்திய ஆய்வைப் படித்த யாருக்கும் தானாகத் தோன்றும்.

எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் இன்னும் சுலபமானது. தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எவ்வளவு எடுப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். திருத்தி முடித்ததும் ஒப்பிடுங்கள். எவ்வளவு பிசகியது என்பதைவிட, யார் விஷயத்தில் எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகுகிறது என்பதைப் பாருங்கள். மூன்று தேர்விலும் நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக எடுத்த பிள்ளை ஒன்று இருந்தால், அனுபவத்தால் கிடைக்காத பின்னூட்டம் அங்கே கிடைத்துவிட்டது.

கருணையிலும் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கும். 'பரவாயில்லை, எல்லாருக்கும் கணக்கு வராது' என்று தட்டிக்கொடுத்துக் குறைவாக வீட்டுப்பாடம் தருவது அன்பாகத்தான் தெரிகிறது. அனீதா ரட்டன், கேத்தரின் குட், கேரல் டுவெக் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஆறுதல் சொல்லப்பட்ட மாணவர்கள் ஆசிரியர் தங்களிடம் குறைவாகவே எதிர்பார்க்கிறார் என்று புரிந்துகொண்டார்கள், ஊக்கமும் குறைந்தது. எதிர்ப்பக்கத்தில், டேவிட் யீகரும் ஜெஃப்ரி கோஹனும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்டது: ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் விமர்சனக் குறிப்புகள் எழுதித் திருத்தி, கூடவே 'உன்னால் இந்தத் தரத்துக்கு எழுத முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு குறிப்புகள்' என்ற பொருளில் ஒரு சிறு சீட்டு. அந்தச் சீட்டு கிடைத்த கருப்பின மாணவர்களில் கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்தவர்கள் வெகுவாகக் கூடினார்கள். சீட்டு மட்டும் கொடுத்து விமர்சனத்தைக் குறைத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

போன வருஷ ஆசிரியர் எழுதிவைத்த குறிப்பைப் படிக்கலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் உண்டு. உடல்நலம், கேட்கும் திறன், பார்வை, வீட்டில் நடந்த இழப்பு, இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், இதில் இரண்டாவது பேச்சில்லை. 'சோம்பேறி', 'திமிர்', 'ஆவரேஜ்' வகைக் கருத்துகளை ஒரு மாதம் கழித்துப் படிக்கலாம், அதற்குள் நமக்கென்று ஒரு பார்வை வந்திருக்கும், ஒத்துப்போகாத இடங்களில் நின்று யோசிக்கலாம். எழுதுகிறவர் தரப்பில் செய்யக்கூடியது, பெயரடையை விட்டுவிட்டு நடந்ததை எழுதுவது. 'சோம்பேறி' என்பதற்குப் பதில் 'வீட்டுப்பாடம் ஐந்தில் மூன்று முறை வரவில்லை, அதையே வகுப்பில் உட்கார வைத்தால் முடித்துவிடுகிறான்' என்று எழுதினால், அடுத்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையின் வீட்டில் மாலை நேரம் எப்படிப் போகிறது என்று விசாரிக்கத் தோன்றும்.

நியூசிலாந்தின் கிறிஸ்டின் ரூபி-டேவிஸ் பல வருஷமாகக் கவனித்து வருவது, சில ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் எல்லோரிடமுமே அதிகம் எதிர்பார்க்கிறார்கள், சிலர் எல்லோரிடமுமே குறைவாக. முதல் வகை ஆசிரியர்கள் திறமை வாரியாகப் பிரித்த நிலையான குழுக்களை வைத்துக்கொள்வதில்லை, கலந்து உட்கார வைத்து அடிக்கடி மாற்றுகிறார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த இலக்கு என்ன என்று அந்தப் பிள்ளையோடு பேசி வைக்கிறார்கள். இந்தப் பழக்கங்களை மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்துப் பார்த்தபோது கணிதத்தில் மாணவர்கள் முன்னேறினார்கள்.

ஆனால் ஆசிரியர் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. பள்ளியே மதிப்பெண் வாரியாக ஏ, பி, சி என்று செக்‌ஷன் பிரித்துவிட்டால், தனி ஆசிரியர் குச்சி எடுத்தும் மூன்று எண்ணியும் செய்வதற்கு ஒரு எல்லை வந்துவிடுகிறது. சி செக்‌ஷனில் பாடம் மெதுவாகப் போகும், வருஷக் கடைசியில் அவர்கள் ஏ செக்‌ஷனைவிடச் சில அத்தியாயங்கள் பின்னால் இருப்பார்கள், மேலே போவதற்கான தேர்வில் அந்த அத்தியாயங்களிலிருந்தும் கேள்வி வரும். பிரித்த நாளில் வைத்த தேர்வில் காய்ச்சலோடு எழுதிய பிள்ளைக்கும் அதே கதிதான். பெற்றோர் கூட்டத்தில் 'என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்' என்று கேட்பதோடு, போன வருஷம் சியிலிருந்து ஏவுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கலாம். யாருமே போகவில்லை என்று பதில் வந்தால், விடுபட்ட அத்தியாயங்களை எப்போது, யார் நடத்தப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி.